சி பிளாக் உட்காரும் நேரம்

தவக்காலத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை, காலை எட்டே முக்கால் மணிக்கு, தூத்துக்குடி கடல்மணி நகரின் சி பிளாக் தரையில் உட்கார்ந்தது. இடியவில்லை, சரியவில்லை, எங்கேயும் ஒரு கீறல் விழவில்லை. வெயிலில் நெடுந்தூரம் நடந்துவந்த ஒரு பெண், கையிலிருந்த பையைக் கீழே வைத்து, சேலையை முழங்காலுக்கிடையே ஒதுக்கிக்கொண்டு, ஒரு பெருமூச்சோடு உட்காருவாளே, அப்படி உட்கார்ந்தது. முதலில் தரைத்தளத்து நாலு வீடுகளும் மண்ணுக்குள் போயின, பிறகு முதல் மாடி நாலும் போயின, பிறகு இரண்டாம் மாடி நாலும் போயின, மூன்றாம் மாடியில் பிரகாசியின் வாசலுக்கு முன்னால் படிகள் தொடங்கும் இடம் தெருவோடு தெருவாக வந்து ஒட்டி நின்றது.

பிரகாசி அதற்காக ஒன்றும் செய்யவில்லை. தினமும் செய்வதைத்தான் செய்தாள்: சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசல்வரை வந்தாள். வாசலுக்கு அப்பால் ஐம்பத்து நாலு படிகள் இருந்தபடியால் வாசல்தான் அவளுடைய ஊரின் எல்லை. அன்றைக்கு முன்சக்கரம் நிலைப்படியில் முட்டியதும், எதிரே தெரிய வேண்டிய ஏ பிளாக்கின் மொட்டைமாடித் தொட்டி மெல்ல மேலேறிப் போனது, அதன் பின்னால் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மேலேறிப் போயின, பிறகு எதிரே தெரு இருந்தது, தெருவில் ஒரு வெள்ளாடு நின்றது, அது பிரகாசியை ஏறிட்டுப் பார்த்துவிட்டு வாயிலிருந்த சுவரொட்டியை மென்றுகொண்டே இருந்தது.

"யக்கா, தெரு வந்திருக்கு" என்றாள் பிரகாசி.

அடுக்களையில் இருந்த நேவிஸ் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப்பார்த்தாள். இறால் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் நின்றுகொண்டே இறால் உரித்த முதுகு அவளுக்கு. எதையும் குனிந்து பார்க்க மாட்டாள், நிமிர்ந்து பார்க்கவும் மாட்டாள். சற்று நேரம் தெருவைப் பார்த்தாள்.

"வந்தா வந்துட்டுப் போவுது. இட்லி ஆறுது, உள்ள வா."

பிரகாசி நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். கட்டடம் முழங்காலில் கையூன்றி எழுகிறவள்போல் எழுந்தது. எல்லாம் இரண்டு நிமிஷம்தான்.

இரண்டரை வயதில் இளம்பிள்ளைவாதம் பிரகாசியின் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. இப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. வீட்டுக்குள் தரையில் கையூன்றி நகர்வாள், வெளியே நாற்காலி. அப்பா இருந்தவரை அப்பா முதுகில் பள்ளிக்கூடம் போனாள், அப்பா செத்த பிறகு அஞ்சல் வழியில் பி.காம் முடித்தாள், பதினாலு வருஷத்துக்கு முன் அம்மாவும் செத்த பிறகு எட்டு வயது மூத்த நேவிஸ் அவளைப் பார்த்துக்கொண்டாள். நேவிஸுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சிக்காகத் தன் வாழ்க்கையையே கொடுத்துவிட்டாள் என்று ஊரே அவளைப் புகழ்ந்தது. புகழ்ந்த வாயெல்லாம் அந்தத் தங்கச்சி பக்கத்தில் இருக்கும்போதே புகழ்ந்தது, அவளுக்குக் கால்தான் வராது, காது நன்றாகவே கேட்கும் என்று ஒரு வாய்க்கும் தோன்றவில்லை. கொடு என்று யார் கேட்டார்கள், கொடுத்தவளுக்கு அதில் இஷ்டம் உண்டா, அவள் ஒரு நாள் லீவு எடுக்க வேண்டுமானால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள் என்றும் அந்த வாய்கள் கேட்கவில்லை. புகழ்வது எவ்வளவு சுகமான வேலை! புகழ்ந்து முடித்ததும் வீட்டுக்குப் போய்விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் பிரகாசி கீழே இறங்குவாள், கஸ்பார் மாமாவின் கைகளில். கஸ்பார் மாமா இரண்டாம் மாடிக்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர், மாதா திருவிழாவில் சப்பரத்தின் முன்கொம்பு இன்றைக்கும் அவர் தோளுக்குத்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் மகன் போன வள்ளம் மூன்று நாள் கரை திரும்பாமல் இருந்தபோது, மகன் உயிரோடு வந்தால் நம்ம பிரகாசியை ஆயுசு முழுக்க ஞாயிறுதோறும் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று மாதாவிடம் அவர் நேர்ந்துகொண்டார். மகன் வந்துவிட்டான். அடுத்த ஞாயிறே மாமா குளித்து, மேலே ஏறிவந்து, திருநீற்றுப் புதனன்று சாம்பல் பூச நிற்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கைகளை நீட்டினார். தன்னை வைத்து ஒரு நேர்ச்சை நடந்திருப்பது அந்த நிமிஷம்தான் பிரகாசிக்குத் தெரியும். மெழுகுவர்த்தியிடம் யாரும் சம்மதம் கேட்டுக்கொண்டு ஏற்றுவதில்லை.

மாமா நல்லவர். அதுதான் கஷ்டம். ஐம்பத்து நாலு படியிலும் அவர் மூச்சு அவள் காதில் விழும், ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு கதவு திறக்கும், ஒரு முகம் "கஸ்பார் அண்ணே, நீங்க தூக்குதது பிள்ளைய இல்ல, மோட்சத்த" என்று சொல்லும், மாமா "எல்லாம் மாதா செயல்" என்பார், கீழே இறக்கியதும் பிரகாசி "தேங்க்ஸ் மாமா" என்பாள். மேலே கொண்டுவந்து விட்டதும் இன்னொரு தேங்க்ஸ். ஒன்பது வருஷம் இப்படிச் சொல்லிச் சொல்லி அந்தச் சொல் அவள் வாயில் சாரம் போன சக்கையாகிவிட்டிருந்தது.

கட்டடம் உட்கார்ந்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டு முதல் வாரம் ஆட்கள் வந்தார்கள். ஓர் இன்ஜினியர் வந்து தூண்களைத் தட்டிப் பார்த்து, கட்டடம் நல்ல நிலையில் இருப்பதாகவும் உட்காரும்போதும் நல்ல நிலையிலேயே இருப்பதாகவும் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். டிவிக்காரர்கள் வந்தார்கள், பிரகாசியைச் சிரிக்கச் சொன்னார்கள், பிறகு அழச் சொன்னார்கள். யாரோ வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், யாரோ தேங்காய் உடைத்தார்கள், சில்லு பொறுக்க வந்த காக்கைகள் மட்டும் அடுத்த வாரமும் வந்தன. அதற்குள் எல்லாருக்கும் பழகிவிட்டது. பிரகாசியின் சக்கரம் மேலே நிலைப்படியைத் தொட்டால் கட்டடம் உட்காரும், அவள் வெளியே போனதும் எழும். வெளியிலிருந்து வந்து கீழ்ப்படியைத் தொட்டால் மறுபடி உட்காரும், அவள் உள்ளே போனதும் எழும். இதில் என்ன இருக்கிறது, மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறுவதில்லையா?

தரைத்தளத்தில் ஆறுமுகநயினார் அண்ணாச்சி, குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், தினமும் இரண்டு நிமிஷம் ஜன்னலுக்கு வெளியே மண்ணைப் பார்த்தார். உப்புப் பூத்த மண், அதில் சிப்பிகள், எந்தக் காலத்திலோ கடல் அங்கே இருந்ததன் அடையாளமாக ஒரு முழுச் சங்கு. வெளிச்சம் போவதால் பேப்பர் படிக்க முடியவில்லை என்று அவர் டார்ச் வாங்கினார். இரண்டாம் மாடி வடிவு மதினிக்குக் குழம்பு தளும்பியது. அவள் சட்டியில் அரையளவுக்கு மேல் குழம்பு வைப்பதை விட்டாள், விட்டதை ஊர் முழுக்கச் சொன்னாள். சிலிண்டர்காரன் எட்டே முக்காலுக்குச் சரியாக வந்து நின்று, மூன்றாம் மாடி நாலு வீட்டுக்கும் தோளில் சுமக்காமல் உருட்டியே விட்டுவிட்டுப் போனான். மீன்காரம்மா கூடையோடு நேரே மேலே வந்தாள், மேல்வீட்டுக்காரர்கள் முதன்முதலாக நல்ல சாளையைப் பார்த்தார்கள். பிரகாசியின் எதிர்வீட்டில் மகளுக்குச் சீராக வந்த பீரோவும் கட்டிலும் பிரிட்ஜும் தெருவில் இறங்கியபோது, "பிரகாசி, கொஞ்சம் வாசல்ல வந்து நில்லும்மா" என்று கூப்பிட்டார்கள், அவளும் வந்து நின்றாள், இரண்டு நிமிஷமல்ல, முக்கால் மணி நேரம் கட்டடம் உட்கார்ந்தே இருந்தது, பீரோ போனது, கட்டில் போனது, பிரிட்ஜ் போனது, அன்றைக்குக் கீழே யாருக்கும் குழம்பு தளும்பவில்லை, வெளிச்சம் குறையவில்லை. இதை நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்த வாரம் பிரகாசிக்கு வேலை கிடைத்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் போன் எடுத்து, கம்ப்யூட்டரில் சரக்குப் பெட்டிகளின் எண்களை ஏற்றும் வேலை. ஒன்பதரைக்கு இருக்க வேண்டும், ஐந்தரைக்குக் கிளம்பலாம், ஞாயிறு லீவு. பதினோரு வருஷமாக விண்ணப்பம் போட்டவள் அவள். ஒவ்வொரு முறையும் கடைசிக் கேள்வி, தினமும் எப்படிம்மா வருவீங்க என்பதாக இருந்தது, இந்த முறை அதே கேள்விக்கு அவள், "எங்க பில்டிங் உக்காரும் சார்" என்று சொன்னாள், மேனேஜர், "ஆமா, டிவியில பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை சேர்ந்துகொள்ளச் சொன்னார்.

செய்தி கீழே இறங்கிய அன்று சாயங்காலமே சங்கக் கூட்டம் போட்டார்கள். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, பதினாறு வீட்டுக்காரர்களும் கீழே இருந்தார்கள். நேவிஸையும் கூப்பிட்டுப் போயிருந்தார்கள். பிரகாசி மூன்றாம் மாடியில் தங்கள் வீட்டு பால்கனிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் எம்பி எட்டிப்பார்த்தாள்.

"அண்ணாச்சி, என்னப் பத்தித்தான கூட்டம்? நானும் வாரேன்."

"அதுக்கு இப்ப ஒருக்க உக்காரணும்லா பிள்ளை? அங்கனயே இருந்து சொல்லு, கேக்கும்" என்றார் ஆறுமுகநயினார்.

அப்படியாக, கட்டடம் அடிக்கடி உட்காருவதைப் பற்றிய கூட்டத்தில் அவள் மாடியிலிருந்து கத்தினாள், அவர்கள் கழுத்தை நிமிர்த்திப் பதில் சொன்னார்கள்.

"பூசைக்குப் போ, யாரு வேண்டாங்கா? ஆஸ்பத்திரிக்குப் போ, அது அவசியம். தெனம் ரெண்டு மட்டம்னா எப்படி? கீழ்வீட்டுக்காரனும் மனுசன்தான?"

"ரெண்டு நிமிஷம்தான அண்ணாச்சி?"

"ரெண்டு நிமிஷமானாலும் மண்ணுக்குள்ள இருக்கது நாங்கல்லா. மண்ணுக்குள்ள போறது ஒருக்கத்தான், அதுவும் செத்த பொறவு."

சிரிப்பு எழுந்தது. வடிவு மதினி எழுந்து நின்றாள். "அவ போவட்டும் அண்ணாச்சி. நாளைக்கு எனக்கு முட்டு தேஞ்சிரும், உங்களுக்குக் கண்ணு மங்கிரும், நமக்கும் இந்த உக்காருதது தேவைப்படும். அத நெனச்சுப் பாருங்க."

மதினி நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள், ஆனால் பிரகாசிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் சுருக்கென்றது. தன் தேவை ஒரு தேவையாகக் கணக்கில் வருவதற்கு இன்னொருத்தி முட்டு தேய வேண்டுமா?

"உங்க முட்டு தேயாம நல்லா இருக்கட்டும் மதினி!" என்று மேலேயிருந்து கத்தினாள். "உங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் வராட்டாலும் நான் வேலைக்குப் போவணும்லா? அது போதாதா?"

"வாய் மட்டும் ரெண்டு காலு மொளச்சு ஓடுது பாரு" என்றாள் மதினி, தோற்ற முகத்தோடு உட்கார்ந்துகொண்டே.

"வேலைக்குப் போய்த்தான் ஆவணுமா பிள்ளை?" என்று ஆறுமுகநயினார் மிகுந்த பரிவோடு கேட்டார். "ஒனக்கு என்ன கொற? நாங்க பதினஞ்சு வீடும் இல்லையா? ஒன்னப் பாத்துக்கிட மாட்டமா?"

"பாத்துக்கிட்டது போதும் அண்ணாச்சி. நான் போயி என் சோலியப் பாக்கேன்."

பதினைந்து வீட்டின் அன்பும் ஒரே நேரத்தில் புண்பட்டது. அது புண்பட்ட சத்தம்கூடக் கேட்டது, யாரோ பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். அப்போதுதான் கஸ்பார் மாமா எழுந்தார். கட்டடம் உட்காரத் தொடங்கியதிலிருந்து அந்த மனிதர் இளைத்துப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரகாசி தானே உருட்டிக்கொண்டு கோயிலுக்குப் போக, அவர் சும்மாயிருக்கும் கைகளோடு பின்னால் நடந்தார். நேர்ச்சை நிற்கிறதே, மாதா கணக்குக் கேட்டால் என்ன சொல்ல என்று அவருக்குத் தூக்கமில்லை. பங்குச் சாமியார் அந்த நேர்ச்சையை வேறாக மாற்றித் தருகிறேன் என்று சொல்லியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கட்டடத்த எதுக்கு உக்கார வைக்கணும்?" என்றார். "நான் இருக்கேம்லா. தெனமும் தூக்குதேன். கல்ல நம்புததுக்கு மனுசன நம்புங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். வேறு மூன்று பேரும் தாங்களும் தூக்குவதாகக் கை உயர்த்தினார்கள். தீர்மானம் எழுதப்பட்டது: ஞாயிறு பூசைக்கும் புதன்கிழமைக்கும் கட்டடம் உட்காரலாம், மற்ற நாளெல்லாம் மனிதர்கள் தூக்குவார்கள். புதன்கிழமை எதற்கு என்று பிரகாசி கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு என்றார்கள். எனக்கு ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லையே என்றாள். இருக்கட்டும், தேவைப்படும் என்றார்கள். பிறகு ஆறுமுகநயினார் சைக்கிள் பூட்டுச் சங்கிலி ஒன்றை நேவிஸ் கையில் வைத்தார். மற்ற நாள்களில் நாற்காலி தெரியாத்தனமாக நிலைப்படியில் முட்டிவிடக் கூடாதல்லவா, நீதானே அவளுக்குப் பொறுப்பு?

நேவிஸ் சங்கிலியை வாங்கிக்கொண்டு ஐம்பத்து நாலு படியும் ஏறி வந்தாள்.

"நீ வாங்குனியா?" என்று கேட்டாள் பிரகாசி.

"வாங்காட்டா இன்னும் ஒரு மணி நேரம் பேசுவாங்க. எனக்கு நிக்க முடியல."

திங்கட்கிழமை நாலு பேர் வந்தார்கள், இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள். நிலைப்படியில் சக்கரம் படாமல் நாற்காலியை வேறொருவர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தாண்டினார், கட்டடத்துக்குத் தெரியாமல் திருடுவதைப்போல. கட்டடத்துக்குத் தெரிந்திருக்கும் என்றே பிரகாசி நினைத்தாள். மாமாவின் கையில் அவள் கடந்தபோது படிகள் எல்லாம் ஓர் இழை நடுங்கின. செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். கம்பெனியிலிருந்து திரும்பி வந்தபோது தூக்க ஆளில்லாமல் ஒன்றரை மணி நேரம் அவள் வேப்பமரத்தடியில் காத்திருந்தாள், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் "என்ன பிள்ளை, காத்து வாங்குதியா?" என்று விசாரித்தார்கள். புதன்கிழமை கட்டடம் உட்கார்ந்தது. வியாழக்கிழமை கஸ்பார் மாமா மட்டும் வந்தார், நேவிஸ் தங்கச்சியின் கால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாமாவின் வலது தோள் மளுக்கென்றது, அவர் சத்தம் போடவில்லை, பல்லைக் கடித்து இறக்கிவிட்டார், அவர் நெற்றியிலிருந்த வியர்வை சொட்டுச் சொட்டாக அவள் கன்னத்தில் விழுந்தது, அவளால் அதைத் துடைக்கவும் முடியவில்லை, இரண்டு கைகளும் அவர் கழுத்தில் இருந்தன. நாற்பது நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். "கஷ்டமாயிருந்தா வீட்ல ரெஸ்ட் எடுங்கம்மா" என்று மேனேஜர் அன்பாகச் சொன்னார். "நாளைக்கும் லேட்டுன்னா நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன், சங்கடப்படாதீங்க."

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை.

எட்டே முக்கால் ஆனது. பிரகாசி நாற்காலியில் பையோடு உட்கார்ந்திருந்தாள், சங்கிலி பின்சக்கரத்தையும் கட்டில் காலையும் சேர்த்துப் பூட்டியிருந்தது, சாவி நேவிஸின் இடுப்பில் இருந்தது. மாமா தோளுக்குக் கட்டுப் போட்டிருப்பதாக வடிவு மதினி கீழேயிருந்து குரல் கொடுத்தாள். மற்ற மூவரில் ஒருவருக்கு டூட்டி, ஒருவருக்கு மாமியார் வந்திருந்தாள், ஒருவர் போனை எடுக்கவில்லை. அவர்கள்மேல் பிரகாசிக்குக் கோபம்கூட வரவில்லை. மனிதர்கள் அப்படித்தான், அவர்களுக்கும் முதுகும் மாமியாரும் உண்டு, அதனால்தான் ஒரு பெண்ணின் பிழைப்பை நாலு பேரின் நல்ல மனசில் கட்டித் தொங்கவிடக் கூடாது.

"நான் தூக்குதேன், வா" என்றாள் நேவிஸ்.

"ஒனக்கு முடியாது."

"முடியும். முதுகுல ஏறு."

"யக்கா, ரெண்டு பேரும் சேந்து உருளுவோம். அந்தச் சாவியக் குடு."

நேவிஸ் சாவியை எடுக்கவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றாள். "குடுத்தா என்னத்தான் கேப்பாங்க. நீ நாற்காலில இருப்ப, ஒன்ன ஒரு சொல்லு சொல்ல மாட்டாங்க, பாவம்னு போயிருவாங்க. நேவிசு என்ன பாத்துக்கிட்டு இருந்தான்னு கேப்பாங்க. ஒன்னப் பத்தி எது கேக்கணும்னாலும் என்னத்தான கேக்காங்க. பதினாலு வருஷமா ஒன்னயும் நானே சொமக்கேன், ஒனக்குப் பதிலும் நானே சொல்லுதேன்."

"நான் சொல்லிக்கிடுதேன். என் பதில நானே சொல்லிக்கிடுதேன். நீ வழிய மட்டும் விடு."

"நீ சொல்லி யாரு கேட்டா?"

"கேக்காட்டா கேக்கட்டும். ஒன் பாரம் ஒண்ணு கொறையும்லா?"

நேவிஸ் தங்கச்சியைப் பார்த்தாள். சின்ன வயதில் இவளைப் பார்த்துக்கொள் என்று சொல்லி அம்மா நேவிஸின் மடியில் வைத்த நாளிலிருந்து அவள் இந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், ஆனால் பார்த்தது அதிகமில்லை. இப்போது பார்த்தாள். பவுடர் போட்டு, சேலை பின் குத்தி, மடியில் சாப்பாட்டுப் பையோடு, கோபமாக, நேரமாகிவிட்ட ஒரு பெண்.

"எனக்கும் போதும் பிரகாசி" என்றாள் நேவிஸ். குனிய முடியாத முதுகை வளைத்து, ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, பூட்டைத் திறந்தாள்.

சக்கரம் நிலைப்படியைத் தொட்டது. சி பிளாக், புதனைத் தவிர அந்த வாரம் முழுக்க நின்றே இருந்த கால்களோடு, தொப்பென்று உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஷேர் ஆட்டோ அவளைக் கடல்மணி நகரில் இறக்கியபோது பதினாறு வீடும் தெருவில் நின்றது. அவளுக்கும் கீழ்ப்படிக்கும் நடுவே, நேவிஸையும் இழுத்து நிறுத்திக்கொண்டு, கும்பலாக நின்றார்கள். யாரும் கோபமாக இல்லை, வருத்தமாக இருந்தார்கள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றார் ஆறுமுகநயினார். "நயம் காப்பித்தூளு, புது டப்பா, அம்புட்டும் தரையில. தீர்மானம்னு ஒண்ணு போட்டோமா இல்லையா? நாங்க பெருசா ஒண்ணும் கேக்கல. தெரியாமச் செஞ்சுட்டேன், இனிமே உங்கள மீற மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. மனசு ஆறிரும். பொறவு பேசி ஒரு முடிவுக்கு வருவோம்."

"மாமாவ நெனச்சுப் பாத்தியா?" என்றாள் வடிவு மதினி. கஸ்பார் மாமா கட்டுப் போட்ட தோளோடு பின்வரிசையில் நின்றார். அவர் பிரகாசியைப் பார்க்கவில்லை, தன் இடது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரகாசிக்குச் சொல்ல ஆயிரம் இருந்தன. காப்பித்தூளைப் பற்றி, பிரிட்ஜைப் பற்றி, புதன்கிழமையைப் பற்றி, மோட்சத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை ஆட்டோவில் வரும்போதே உருட்டித் திரட்டி வைத்திருந்தாள், யாரும் எழுந்து நிற்க முடியாத பதில்கள். ஆனால் அவள் ஆபீசில் கழிப்பறைக்கு இரண்டு படி இருந்தது, இரண்டே இரண்டு படி, அதன் கதவும் குறுகல், அதனால் அவள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், குடிக்காததும் போதாமல், நாலு மணியிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நல்லவர்கள் ஒவ்வொருவராகப் பேசப் பேச, அவள் அடிவயிற்றைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாமல் போனது.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணுக்குப் போவணும். தள்ளுங்க" என்றாள்.

அதற்குப் பதில் சொல்ல எந்தத் தீர்மானத்திலும் இடமில்லை. முதலில் வடிவு மதினி நகர்ந்தாள், பிறகு மதினியின் பக்கத்தில் நின்றவர்கள், பிறகு எல்லாரும், கோயிலில் நடுவழி விடுவதுபோல் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். பிரகாசி அவர்கள் நடுவே உருட்டிக்கொண்டு போனாள், சக்கரம் கீழ்ப்படியைத் தொட்டது, பதினாறு வீட்டுக்காரர்களும் ஒன்றாக நின்று தங்கள் கட்டடம் மண்ணுக்குள் போவதை முதல்தடவையாக வெளியிலிருந்து பார்த்தார்கள். ஆறுமுகநயினாரின் ஜன்னல் போனது, அதில் காய்ந்த துண்டு போனது, மதினியின் அடுக்களை வெளிச்சம் போனது, மாமா வீட்டு மாதா படம் போனது. அவ்வளவு பெரிய கட்டடம் ஒரு சத்தமும் இல்லாமல் போனது.

அவளுடைய வீட்டுக் குளியலறைக் கதவும் நாற்காலிக்குப் போதாது. பிரகாசி நிலைப்படியின்மேலேயே நாற்காலியை நிறுத்திவிட்டு, தரையில் இறங்கி, இரண்டு கைகளையும் ஊன்றி ஊன்றி, அத்தனை பேர் பார்க்க உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நாற்காலி நிலைப்படியில் இருந்தது, ஆகவே கட்டடம் எழவில்லை. தெருவில் பதினாறு வீடும் காத்து நின்றது. ஒரு நிமிஷம் ஆனது, இரண்டு நிமிஷம் ஆனது. யாரோ இருமினார்கள். தாழிட்ட குளியலறைக்குள் வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, அவள் முகம் கழுவுகிறாள், அவசரமில்லாமல் கழுவுகிறாள்.

"அடுப்ப அணைச்சேனான்னு தெரியலயே" என்றாள் வடிவு மதினி.

ஆறுமுகநயினார் இரண்டடி முன்னால் வந்தார். நாற்காலியை உள்ளே ஒரு தள்ளுத் தள்ளிவிட்டால் முடிந்தது காரியம். கையை நீட்டினார்.

"கைய எடுங்க அண்ணாச்சி" என்றாள் நேவிஸ்.

அவள் கும்பலை விலக்கிக்கொண்டு வந்து, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, மெல்லத் திரும்பி, முதுகை ஒவ்வொரு எலும்பாகச் சாய்த்து, அதில் உட்கார்ந்தாள். பதினாலு வருஷமாகத் துடைத்து, எண்ணெய் போட்டு, மடித்து விரித்த நாற்காலியில் இதுவரை அவள் உட்கார்ந்ததே இல்லை. பாதங்களை மிதியில் எடுத்து வைத்தாள். கண்களை மூடிக்கொண்டாள்.

"வாரப்ப வருவா" என்றாள்.